ஆலோசகர் அறைக்கு வெளியே: கல்லூரியில் மாணவர் மனநலம்

ஒரு மாணவர் மூன்று வாரமாக ஆய்வக வகுப்புக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அது இருக்கிறது. விடுதி உணவுக்கூடத்தில் அவர் தட்டு எடுப்பதே அபூர்வமாகிவிட்டது, பரிமாறுபவர் கவனித்திருக்கிறார். இரவு மூன்று மணிக்கும் விளக்கு எரிவது அறைத்தோழருக்குத் தெரியும். அடுத்த பருவக் கட்டணத்துக்கான கடைசி நாள் தாண்டிப்போனது அலுவலக எழுத்தருக்குத் தெரியும். ஓர் ஆசிரியருக்கு மட்டும் 'உடம்பு சரியில்லை' என்று ஒற்றை வரி மின்னஞ்சல் போயிருக்கிறது. ஐந்து பேரிடம் ஐந்து துண்டுத் தகவல். ஐந்தையும் ஒரே மேசையில் வைத்தால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. ஆனால் அவை ஒரே மேசைக்கு வருவதில்லை. நான்காவது வாரம் ஏதாவது நடந்தபிறகு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எனக்கும் அப்பவே கொஞ்சம் தோணுச்சு."

இத்தனைக்கும் அந்தக் கல்லூரியில் ஒரு மனநல ஆலோசகர் இருந்திருக்கலாம். நல்ல அனுபவசாலியாகக்கூட இருந்திருக்கலாம். மாணவர் மனநலம் என்றதும் நிர்வாகங்கள் முதலில் செய்வது ஒரு கவுன்சலரை நியமித்து ஓர் அறை ஒதுக்குவது. அது தேவைதான். ஆனால் அந்த அறை ஒரு நீண்ட வழியின் கடைசிக் கதவு. அதற்கு முன்னால் தேர்வு அட்டவணை இருக்கிறது, விடுப்பு விதி இருக்கிறது, விடுதி வார்டனின் சுபாவம் இருக்கிறது, நண்பர்களின் பேச்சு இருக்கிறது. எத்தனை பேருக்கு அந்தக் கதவு தேவைப்படும், அவர்களில் எத்தனை பேர் அதுவரை போய்ச் சேருவார்கள் என்பதை இவைதான் முடிவுசெய்கின்றன. அதனால் இந்தக் கட்டுரை அந்த அறையைவிட அதற்குப் போகும் வழியைப் பற்றியே அதிகம் பேசும்.

ஏன் இந்த வயது?

மனநோய்கள் முதுமையில் வருபவை அல்ல, பெரும்பாலும் இளமையில் தொடங்குபவை. அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லரும் உடன் பணியாற்றியவர்களும் 2005இல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, வாழ்நாளில் மனநலக் கோளாறு வருபவர்களில் பாதிப்பேருக்கு அது 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசிப்பேருக்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது. கல்லூரிக் காலம் சரியாக இந்த இடைவெளியில் விழுகிறது. கல்லூரிதான் நோயை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. தொடங்கவிருந்தது தொடங்கும் நேரத்தில் அந்த இளைஞர் எங்கே இருக்கிறார் என்றால், கல்லூரியில் இருக்கிறார். வீட்டில் இருந்திருந்தால் சாப்பாடு குறைந்ததை யாராவது பார்த்திருப்பார்கள். விடுதியில் அது யாருடைய வேலை என்று எழுதப்படவில்லை.

உலக சுகாதார அமைப்பின் சர்வதேசக் கல்லூரி மாணவர் ஆய்வு 8 நாடுகளில் 19 கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்கள் ஏறத்தாழ 14,000 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தது. 2018இல் முடிவு வந்தது. வாழ்நாளில் எப்போதாவது ஒரு மனநலக் கோளாறின் அறிகுறிகள் இருந்தவர்கள் 35 விழுக்காடு. கடந்த ஓராண்டில் மட்டும் பார்த்தால் 31 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். எப்போதோ வந்து போன பழைய கதை என்றால் இரண்டாவது எண் மிகவும் சிறிதாக இருந்திருக்கும். முதலாண்டு வகுப்பில் வந்து உட்காரும்போதே மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு சுமையோடுதான் உட்காருகிறார். பட்டியலில் முதலிடம் மனச்சோர்வு நோய்க்கு, அடுத்தது பதற்றக் கோளாறு.

இங்கே ஒரு எச்சரிக்கை. கேள்வித்தாளில் அறிகுறி தெரிவதும் மருத்துவர் நோய் என்று சொல்வதும் ஒன்றல்ல. மனச்சோர்வுக்குப் பரவலாகப் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் 2001இல் வந்தது. கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, கவனம், ஆர்வம் எப்படி இருந்தன என்று கேட்கும். அது சல்லடை மட்டுமே. தேர்வுக்கு முந்தைய நாள் வயிறு கலங்குவது நோயில்லை. காதல் முறிந்து ஒரு வாரம் அழுவதும் நோயில்லை. ஏறக்குறைய நாள் முழுவதும், ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடிக்கிறதா, படிப்பு, தூக்கம், பழக்கம் என்று அன்றாடத்தைக் குலைக்கிறதா என்பதைத்தான் மருத்துவர்கள் பார்ப்பார்கள். இப்போது 'ஸ்ட்ரெஸ்', 'டிப்ரஷன்' என்ற சொற்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டன. இதனால் இரண்டு பக்கமும் நஷ்டம். சாதாரண வருத்தத்தில் இருப்பவர் தன்னை நோயாளி என்று நினைத்துக்கொள்கிறார்; உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருப்பவரிடம் "எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவது நஷ்டம் பெரியது.

ஒரு நூற்றாண்டுப் பழைய யோசனை

கல்லூரிக்குள் மனநலச் சேவை என்பது சமீபத்திய மோகம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1910இலேயே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பேட்டன் என்ற உளநோய் மருத்துவர் இதைத் தொடங்கினார். இந்த வகையில் முதல் முயற்சியாக அதைத்தான் குறிப்பிடுவது வழக்கம். காரணம் எளிமையானது: படிப்பில் நன்றாக இருந்த மாணவர்கள் மனக்குழப்பத்தால் பாதியில் நின்றுபோனார்கள். ஆரம்பமே படிப்பை முடிக்கவைப்பது பற்றிய கவலைதான். இன்றைக்கும் நிதி ஒதுக்கத் தயங்கும் நிர்வாகத்திடம் பேச வேண்டியவர்கள் இந்த வாதத்தை எடுத்துக்கொள்ளலாம். இரக்கம் வேலை செய்யாத இடத்தில் தேர்ச்சி விகிதம் வேலை செய்யும்.

கல்லூரி என்றாலே ஆபத்து என்ற எண்ணமும் முழுக்கச் சரியில்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள 12 பெரிய பல்கலைக்கழக வளாகங்களில் 1980 முதல் 1990 வரை நடந்த தற்கொலைகளை ஆராய்ந்தபோது, அதே வயதினருக்கான தேசிய விகிதத்தில் ஏறக்குறைய பாதிதான் மாணவர்களிடம் இருந்தது. நண்பர்கள் அருகில் இருப்பது, எதிர்காலம் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு, ஆபத்தான பொருள்கள் எளிதில் கிடைக்காதது எல்லாம் அதில் பங்கு வகித்திருக்கலாம். வளாகம் தானாகவே ஒரு வலையாக இருக்கமுடியும். அந்த வலையில் எங்கே ஓட்டை விழுகிறது என்பதுதான் பார்க்கவேண்டியது.

வரிசையில் நிற்கும் அறை

சரி, அந்த அறைக்குள் ஒரு நிமிடம் போய்வருவோம். சர்வதேச அளவில் ஆலோசனை மையங்களுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு பரிந்துரைக்கும் கணக்கு, 1,000 முதல் 1,500 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகர். பத்தாயிரம் மாணவர்களுக்கு ஒருவர், அதுவும் வாரத்தில் இரண்டு நாள் என்றால், அந்த அறை கையேட்டில் படம் போட மட்டுமே பயன்படும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வரிசை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் கல்லூரி மனநல ஆய்வு மையம் 2009க்கும் 2015க்கும் இடையே எடுத்த கணக்கில், மாணவர் சேர்க்கை 5 விழுக்காடு மட்டுமே கூடிய காலத்தில் ஆலோசனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 30 முதல் 40 விழுக்காடு வரை கூடியிருந்தது. கூச்சம் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் இதன் விளைவு, இன்று அழுதுகொண்டு வருபவருக்கு மூன்று வாரம் கழித்து நேரம் கிடைப்பது. மூன்று வாரத்தில் பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு மிகவும் மோசமாகிவிடும். யார் எந்தப் பக்கம் என்று வரிசை பார்த்துச் சொல்லாது.

இதற்கு வந்த ஒரு விடைதான் படிநிலைப் பராமரிப்பு. வருகிற எல்லோருக்கும் வாரம் ஒரு மணிநேரம் என்று ஒரே அளவில் சட்டை தைக்காமல், முதல் நாளே ஒரு சிறிய சந்திப்பு. யாருக்குச் சுயஉதவிப் பாடம் போதும், யாருக்குக் குழு அமர்வு, யாருக்குத் தனி ஆலோசனை, யாரை உடனே உளநோய் மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்று அப்போதே பிரிப்பது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கார்னிஷ் இதைக் கல்லூரிக்கேற்ப வளர்த்தெடுத்தார். இதில் ஆபத்தும் உண்டு. பணம் மிச்சம் பிடிக்க நினைக்கும் நிர்வாகம் எல்லோரையும் முதல் படியிலேயே நிறுத்தி, ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்லி அனுப்பிவிடும். படி என்று இருந்தால் ஏறமுடியவேண்டும்.

அப்புறம் ரகசியம். மாணவர்கள் ஆலோசகரிடம் போகத் தயங்கும்போது கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுக்குச் சொல்லிடுவாங்களா? ஹெச்.ஓ.டி.க்குத் தெரியுமா?" என்பதுதான். சொன்னது அறையைத் தாண்டாது என்பது இந்தத் தொழிலின் அடித்தளம். விதிவிலக்கு, உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது. இந்த விதிவிலக்கின் சட்ட வரலாறே ஒரு கல்லூரியில்தான் தொடங்கியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆலோசனைக்கு வந்த ஒருவர், ஒரு மாணவியைக் கொல்லப்போவதாக அங்கே சொல்லிவிட்டு, பிறகு அவரைக் கொன்றும்விட்டார். அந்த வழக்கில் 1976இல் அம்மாநில உச்சநீதிமன்றம், பிறர் உயிருக்கு ஆபத்து தெரிந்தால் அவரைக் காக்க நடவடிக்கை எடுக்கவேண்டிய கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் எது வெளியே போகும், எது போகாது என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே எளிய மொழியில் சொல்லிவிடும் ஆலோசகரிடம் மாணவர் திரும்ப வருவார். ஆலோசகரே வகுப்பும் எடுத்து இன்டர்னல் மார்க்கும் போடுபவராக இருந்தால், எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் வரமாட்டார்.

முதலில் தெரிவது நண்பருக்கு

மேலே சொன்ன சர்வதேச ஆய்வில் இன்னொரு கேள்வியும் இருந்தது: உங்களுக்கு மனநலப் பிரச்சினை வந்தால் சிகிச்சைக்குப் போவீர்களா? கட்டாயம் போவேன் என்றவர்கள் நான்கில் ஒருவர். மற்றவர்களிடம் ஏன் என்று கேட்டால், நானே சமாளித்துக்கொள்வேன் என்பது பாதிக்கும் மேற்பட்டவர்களின் பதில். நண்பர்களிடமோ உறவினர்களிடமோ பேசிக்கொள்வேன் என்றவர்கள் ஏறக்குறைய பாதி. அதாவது ஆலோசகருக்கு முன்பே, ஆலோசகரைவிட அதிகமாக, இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் பயிற்சியே இல்லாத பத்தொன்பது வயதுக்காரர்கள்.

அவர்களுக்கு என்ன சொல்லித்தருவது? முக்கியமாக ஒரு பயத்தை எடுக்கவேண்டும். சாவைப் பற்றி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் 2,342 பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு இதைச் சோதித்தது. தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களின் மன உளைச்சல், கேட்கப்படாதவர்களைவிடக் கூடவில்லை. ஏற்கெனவே சிரமத்தில் இருந்தவர்களுக்குச் சற்று இறக்கிவைத்தது போலவே இருந்தது. ஆகவே சுற்றிவளைக்காமல், "உயிரோடவே இருக்க வேணாம்னு தோணுதாடா?" என்று கேட்கலாம். கேட்டபின் பதிலுக்குக் காத்திருப்பதுதான் கடினம். பாதிப் பேச்சிலேயே "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று மூடிவிடுகிறோம்.

ஆம் என்று பதில் வந்தால் மூன்று காரியம். தனியே விடக்கூடாது. ஆபத்தான எதுவும் கையெட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. அன்றைக்கே ஒரு பெரியவரிடமோ மருத்துவரிடமோ நெருக்கடி உதவி எண்ணிலோ கூடவே இருந்து பேசவைக்கவேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று அந்த நண்பர் கேட்பார். அந்தச் சத்தியத்தை மட்டும் செய்யக்கூடாது. கோபித்துக்கொள்ளும் நண்பர் உயிரோடு இருக்கும்வரை சமாதானம் செய்துகொள்ள நேரம் இருக்கிறது.

இதற்கெல்லாம் பயிற்சித் திட்டங்கள் உண்டு. மனநல முதலுதவி என்ற பயிற்சியை 2000இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் ஆண்டனி ஜார்மும் உருவாக்கினார்கள். அது பல நாடுகளுக்குப் பரவியது. நல்ல பயிற்சிதான், ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்கவேண்டும். அமெரிக்காவில் 32 கல்லூரிகளின் விடுதிகளில் மாணவப் பொறுப்பாளர்களுக்கு இதைத் தந்து சோதித்த ஆய்வு 2014இல் வந்தது. பயிற்சி பெற்றவர்களின் அறிவும் தன்னம்பிக்கையும் உயர்ந்தன. அந்த விடுதிகளில் சிகிச்சைக்குப் போனவர்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஒருநாள் பயிலரங்கு நடத்தி, சான்றிதழ் கொடுத்து, குழுப்படம் எடுத்து முடித்துவிட்டு 'மனநல விழிப்புணர்வு நிறைவேற்றப்பட்டது' என்று அறிக்கை எழுதும் கல்லூரிகள் இந்த முடிவைப் படித்துப் பார்க்கலாம்.

இன்னொரு சுவாரசியமான விஷயம். அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ஐசன்பர்க்கும் குழுவினரும் மாணவர்களிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டார்கள். சிகிச்சை எடுத்துக்கொள்பவரை நீங்கள் தாழ்வாக நினைப்பீர்களா? பொதுவாக மற்றவர்கள் நினைப்பார்களா? நான் நினைக்கமாட்டேன், மற்றவர்கள் நினைப்பார்கள் என்பதே பெரும்பாலோர் தந்த பதில். எல்லோரும் மற்றவர்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், அந்த மற்றவர்கள் யாரென்று தேடினால் அதிகம் பேர் இல்லை. ஒரு மூத்த மாணவர் அறிமுக நாளில் மேடையேறி, "ரெண்டாவது செமஸ்டர்ல நான் கவுன்சலரைப் பார்த்தேன், இப்ப பரவாயில்லை" என்று சாதாரணமாகச் சொல்வது பத்துச் சுவரொட்டிகளைவிட வலுவாக இருப்பது இதனால்தான்.

விதிப்புத்தகம் செய்யும் வேலை

என் கருத்தில் மாணவர் மனநலம் அதிகமாகத் தீர்மானிக்கப்படும் இடம் கல்விக்குழுக் கூட்டம்தான். அங்கே யாரும் மனநலம் என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை. வருகைப்பதிவு எத்தனை விழுக்காடு, இன்டர்னல் தேர்வுகள் எந்த வாரம், அரியர் எத்தனை தடவை எழுதலாம், விடுப்பில் போனவர் எப்படித் திரும்பச் சேருவது என்றெல்லாம் பேசுகிறார்கள். பேசிக் கலைந்துபோகிறார்கள். ஆறு பாடத்தின் செய்முறைத் தேர்வும் ஒரே வாரத்தில் விழுவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. ஒரு துறைக்கு மற்றத் துறையின் அட்டவணை தெரியாது, அவ்வளவுதான்.

மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்வோம். கடுமை குறைந்தால் தரம் குறையும் என்பது ஆசிரியர்களின் நியாயமான கவலை. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி தன் தொடக்க ஆண்டுகளில் தரவரிசை எழுத்துகளை எடுத்துவிட்டுத் தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்று மட்டும் வைத்துப் பார்த்தது. 2009இல் முடிவு வெளியானது. மாணவர்களின் மனநிலை மேம்பட்டது, தேர்வுகளில் அவர்கள் செயல்பாடு குறையவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் முதல் பருவத்தில் தேறியவர்களுக்குத் தேர்ச்சி என்று மட்டுமே பதிவாகும், தவறிய பாடம் வெளியே காட்டும் பட்டியலில் வராது. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் தத்தம் பள்ளியில் முன்வரிசை மாணவர்கள். எல்லா முதல் மாணவர்களும் ஒரே வகுப்பில் சேர்ந்தால் பாதிப்பேர் சராசரிக்குக் கீழேதான் இருந்தாகவேண்டும். அந்த அதிர்ச்சியைத் தாங்க ஒரு பருவம் அவகாசம் தருகிறார்கள்.

தூக்கம் இன்னொன்று. எம்.ஐ.டி.யிலேயே 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வேதியியல் வகுப்பு மாணவர்கள் கையில் உறக்கத்தை அளக்கும் பட்டையோடு பருவம் முழுவதும் இருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய ஓர் இரவுத் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. அதற்கு முந்தைய வாரங்களின் ஒழுங்கான தூக்கத்துக்குத்தான் தொடர்பு இருந்தது. மதிப்பெண் வேறுபாட்டில் ஏறக்குறைய கால்பங்கை அது விளக்கியது. நன்றாகத் தூங்குங்கள் என்று உபதேசம் செய்துவிட்டு, ஒப்படைப்புக் கெடுவை நள்ளிரவு 11.59 என்று வைக்கும் பழக்கம் விசித்திரமானது. அதை மாலை ஆறு மணிக்கு மாற்ற ஒரு பைசா செலவில்லை.

ஆனால் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது விடுப்பு விதி. கடுமையான மனச்சோர்வில் இருக்கும் மாணவருக்குப் பல சமயம் தேவைப்படுவது ஒரு பருவம் ஓய்வு. கால் உடைந்தால் எடுப்பதைப் போல. ஆனால் விடுப்பு எடுத்தால் திரும்பச் சேர்ப்பார்களா, உதவித்தொகை போய்விடுமா, விடுதி அறை போய்விடுமா என்ற பயத்தில் அவர் தாக்குப்பிடிக்கப் பார்க்கிறார். உதவிக்கென்று வைத்த கதவு தண்டனை போலத் தெரிந்தால் யாரும் தட்டமாட்டார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். அங்கே மனநலக் காரணத்துக்காகப் போகிறவர்களை 'விலகியவர்' என்று வகைப்படுத்தினார்கள். அவர் மூன்று நாளுக்குள் வளாகத்தைக் காலிசெய்யவேண்டும். திரும்பிவர மறுபடி விண்ணப்பிக்கவேண்டும். 2022 கடைசியில் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் பல்கலைக்கழகம் விதியை மாற்றியது: இனி அது மருத்துவ விடுப்பு, மருத்துவக் காப்பீடு தொடரும், திரும்பும் நடைமுறையும் எளிதாகும். அதே ஆண்டு ஆகஸ்டில் ஏற்பட்ட உடன்பாட்டில், மருத்துவத் தேவை உள்ளவர்கள் பாடங்களைக் குறைத்துக்கொண்டு பகுதிநேரமாகப் படிக்கவும் வழி பிறந்தது. ஸ்டான்ஃபோர்டிலும் இதே போன்ற வழக்கு 2019இல் உடன்பாட்டில் முடிந்து விடுப்பு விதி திருத்தப்பட்டது. இரண்டு இடத்திலும் ஆலோசகர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்கள் அறைக்குள் கட்டியதை விதிப்புத்தகம் வெளியே இடித்துக்கொண்டிருந்தது.

ஆசிரியர்களுக்கு இதில் பெரிய பாத்திரம் கேட்கவில்லை. அவர்கள் சிகிச்சையாளர் ஆகவேண்டாம். "ரெண்டு வாரமா உங்களைப் பார்க்கலை, எல்லாம் சரியா இருக்கா?" என்ற ஒரு வரி, அதன்பின் யாரிடம் அனுப்புவது என்ற ஒரு தொலைபேசி எண், போதும். தொடக்கத்தில் சொன்ன ஐந்து துண்டுத் தகவலையும் ஒன்றுசேர்க்கப் பல பல்கலைக்கழகங்கள் ஒரு சிறு குழு வைத்திருக்கின்றன. விடுதி, கல்வி அலுவலகம், ஆலோசனை மையம், காவல் என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பெயர்களைப் பார்ப்பார்கள். அந்தக் குழு கண்காணிப்புப் படையாக மாறினால் காரியம் கெட்டது. தகவல் அங்கே போவது உதவி செய்யவே, ஒழுங்கு நடவடிக்கைக்கு இல்லை என்று எழுத்தில் இருக்கவேண்டும்.

நெருக்கடியும் அதன் பிறகும்

உலக அளவில் 15 முதல் 29 வயது வரையானவர்களின் இறப்புக் காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. முடிவெடுத்தவரைத் தடுத்தால் வேறெங்காவது போய்ச் செய்துகொள்வார் என்ற நம்பிக்கை பரவலானது. அது தவறு. அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன், முயற்சியின்போது தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்பார்த்து 1978இல் எழுதினார்: ஏறக்குறைய 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள் அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். உச்ச வேதனை பெரும்பாலும் அலை போல ஏறி இறங்குகிறது. அந்த நேரத்தைக் கடத்திவிடுவதே பாதிச் சிகிச்சை. ஆய்வக அலமாரிக்குப் பூட்டு, மேல்மாடிக்குக் கதவு போன்ற சலிப்பூட்டும் காரியங்கள் உயிர் காப்பது இதனால்தான்.

இதே தர்க்கத்தில் பிறந்ததுதான் அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம். ஒரே ஒரு தாள். எனக்கு நிலைமை மோசமாவதை எந்த அறிகுறி சொல்லும், அப்போது தனியாக நான் செய்யக்கூடியது என்ன, எங்கே போய் உட்கார்ந்தால் மனம் மாறும், யாரைக் கூப்பிடுவேன், எந்த எண்ணுக்கு அழைப்பேன், எதை என் அருகிலிருந்து அகற்றிவைப்பேன் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைப்பது. 2018இல் வெளியான ஆய்வில், மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் இந்தத் தாளை எழுதவைத்துப் பிறகு தொலைபேசியில் விசாரித்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

ஒரு மரணம் நடந்துவிட்டால் வளாகம் செய்யவேண்டியதும் உண்டு. மறைப்பதும் தவறு, வீரமரணம் போலக் கொண்டாடுவதும் தவறு. எப்படி நடந்தது என்ற விவரத்தைப் பரப்பாமல், நடந்ததை நேராகச் சொல்லி, அந்த மாணவரின் வகுப்பையும் விடுதித் தளத்தையும் அடுத்த சில மாதங்கள் கூர்ந்து பார்த்துக்கொள்ளவேண்டும். தேர்வு மறுநாள் வழக்கம்போல நடக்கும் என்று சுற்றறிக்கை அனுப்பும் கல்லூரி எதை முக்கியமாக நினைக்கிறது என்பது மாணவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

சிகிச்சையே வேண்டாம் என்று போய்விடுபவர்களை என்ன செய்வது? சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற உளநோய் மருத்துவர் இதற்கு ஒரு வழி செய்துபார்த்தார். தற்கொலை எண்ணத்தாலோ மனச்சோர்வாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வெளியே போனபின் தொடர்சிகிச்சையை மறுத்தவர்கள் 843 பேர். அவர்களில் பாதிப்பேருக்கு, மருத்துவமனையில் அவர்களைச் சந்தித்துப் பேசிய ஊழியர் சில வரிகளில் கடிதம் எழுதினார். நீங்கள் இங்கிருந்து போய்ச் சில காலம் ஆகிறது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், ஏதாவது எழுதத் தோன்றினால் எழுதுங்கள், மகிழ்வோம் என்கிற அளவுக்குத்தான். வந்து பாருங்கள், மருந்து சாப்பிடுங்கள் என்று ஒன்றும் கிடையாது. முதலில் மாதம் ஒருமுறை, பிறகு இடைவெளி கூடிக்கூடி, ஐந்து ஆண்டுகள். கடிதம் கிடைத்தவர்களிடம் முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறைவாக இருந்ததை 2001இல் அவர் வெளியிட்டார்.

விடுப்பில் போன மாணவருக்குக் கல்லூரி அனுப்பும் அஞ்சல் பெரும்பாலும் கட்டண நினைவூட்டல். அடுத்த முறை அதோடு ஒரு துறை எழுத்தரோ ஓர் ஆய்வக உதவியாளரோ தன் பெயரைப் போட்டு இரண்டு வரி சேர்த்து அனுப்பிப் பார்க்கலாம். பதில் வந்தால் பதில் எழுதலாம். வராவிட்டால் அடுத்த மாதம் மறுபடி எழுதலாம்.